வலப்பக்கத்துக் கண்ணாடி

“இந்த ரூட்ல ஒருத்தனாவது தபால் பெட்டிய ஒழுங்கான உயரத்துல நட்டிருக்கானா, சொல்லு பாப்போம்?”

தபால்காரி வெர்னா காங்கஸ் இதைத் தபால் நிலையத்தில் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து, காப்பிக் கோப்பையோடு மாட்டிக்கொண்ட போதகரிடம் கேட்பாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் வரிசையில் நின்றுகொண்டு, தட்டில் மீன் வைக்கிறவனிடம் கேட்பாள். பல் டாக்டர் வாய்க்குள் பஞ்சு வைத்து அடைத்தபோதுகூட, பஞ்சுக்கு மேலாக அதையேதான் கேட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். யாரும் பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் அடுத்து ஒவ்வொரு பெட்டியாக வரும் என்று மேல் மிச்சிகனின் அந்த அல்டர் க்ரீக் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“அந்த ஹெய்க்கினென் இருக்கானே, டிராக்டர் மேல ஒக்காந்துகிட்டு அளந்திருப்பான். அவன் பெட்டிக்கு நான் ஏணி போட்டு ஏறணும். ஓர்வில் பெல்கி பெட்டி? அது முயலுக்கு நட்டது. முயலுக்குத்தான் நெறைய கடுதாசி வருது போல.”

ஓர்வில் பெல்கியிடம் கேட்டால் அவர் மூக்கால் பேசுவார்: “பனி தள்ளுற வண்டி வருதுல்ல, அதோட பலகை என் பெட்டிக்கு மேல போயிடும். குட்டையா இருந்தா தப்பிக்கும். யோசிச்சு நட்டது.” ஹெய்க்கினென் அதே பனி வண்டிக்காகத்தான் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஆளுக்கொரு கணக்கு. எல்லாக் கணக்குக்கும் வட்டி கட்டியது வெர்னாவின் வலது தோள்.

அந்தப் பக்கத்துத் தபால்காரர்களுக்கு வண்டி தருகிற வழக்கம் இல்லை. சொந்தக் கார்தான். ஸ்டியரிங் இருப்பது இடப்பக்கம், பெட்டிகள் நிற்பது சாலையின் வலப்பக்கம். ஆகவே வெர்னா தன் பழைய வேகனின் வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இடது காலைக் குறுக்கே நீட்டி பிரேக், இடது கையால் ஸ்டியரிங், வலது கையால் தபால். காலியாக இருக்கும் டிரைவர் இடத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பேயறைந்த மாதிரி வண்டியை ஓரம் கட்டுவார்கள். “பேய் இல்லடா, தபால்!” என்று கத்திவிட்டுப் போவாள். அதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

குளிர்காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் கண்ணாடியை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். உலகத்தில் எந்தக் கார்க் கண்ணாடியும் அப்படி வேலை செய்வதற்காகப் பிறந்ததில்லை. கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற ரெகுலேட்டர் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செத்துப்போகும். கேபிள் பிய்ந்து சிக்குண்டு கிடக்கும். வெர்னா மெக்கானிக்கைத் தேடிப் போனதே இல்லை. வாயில் சிகரெட்டோடு வீட்டு முற்றத்திலேயே கதவைப் பிரித்து, பழையதைப் பிடுங்கி, புதியதை மாட்டிவிட்டு, சமையலுக்குப் போவாள். கணவன் ரெய்னோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மரம் ஏற்றுகிற லாரியை வாழ்நாள் முழுக்க ஓட்டினவன், பேச்சைப் பெட்ரோல் மாதிரிச் சிக்கனமாகச் செலவழிப்பான். “தள்ளி நில்லு, நெழல் விழுது,” என்பது அவள் அவனுக்குச் சொல்லும் காதல் மொழி.

அந்த ரூட்டுக்காக அவள் காத்திருந்த காத்திருப்பு வேறு கதை. முன்பிருந்த கிழவர் ஓய்வு பெறும்வரை அவருக்கு மாற்று ஆள். சனிக்கிழமைகளில் மட்டும் வேலை, மற்ற நாள்களில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே காவல். கிழவர் இருமினால் அவள் மனசுக்குள் பண்டிகை. இதை அவளே ஒருமுறை மீன் விருந்தில் சொல்லிச் சிரித்தாள். இப்போது மாற்று ஆளாக இருந்தது அவளுடைய தங்கை மார்லிஸ். ஆகவே மார்லிஸின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று வெர்னாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டே இருடி.”

“நீ சாக வேணாம்க்கா. உக்காந்தா போதும்.”

வெர்னா உட்காரவில்லை. விடுமுறைகூட எடுப்பதில்லை. காய்ச்சலில் போனாள், மாமியார் செத்த மறுநாள் போனாள். அக்கா தங்கை இருவரும் ஞாயிறுதோறும் ஒரே மேஜையில் ஏலக்காய் ரொட்டி தின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் தோள் போனது. ஒருநாள் ஹெய்க்கினெனின் பெட்டிக்குக் கையைத் தூக்கினாள். உள்ளே எதுவோ ஈரத் துணி கிழிகிற மாதிரிக் கிழிந்தது. அதற்கப்புறம் வலது கை இடுப்புக்கு மேலே போகவில்லை, பக்கவாட்டில் நீளவில்லை. டாக்டரிடம் போகவில்லை. டாக்டரிடம் போனால் டாக்டரின் வரவேற்பறைப் பெண்ணுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் மார்லிஸுக்குத் தெரியும். கடிதங்களைப் பெட்டியை நோக்கி வீச ஆரம்பித்தாள். பாதி உள்ளே போயின. பாதி பள்ளத்தில் விழுந்தன.

பள்ளத்தில் விழுந்தவற்றில் ஓர்வில் பெல்கியின் இருதய மாத்திரைப் பொட்டலமும் ஒன்று. மழையில் ஊறி, உப்பிக் கிடந்தது. ஓர்வில் அதை வாலைப் பிடித்துத் தூக்கின எலி மாதிரிக் கொண்டுவந்து தபால் நிலையத்து மேஜைமேல் வைத்தார். போஸ்ட் மாஸ்டர் கெண்ட்ரா கீழ் மிச்சிகனிலிருந்து வந்த சின்னப் பெண். எல்லோரையும் மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாகவே கழுத்தை நெரிப்பாள்.

“வெர்னா, இது எப்படிங்க ஆச்சு?”

அந்த நிமிஷத்தில்தான் வெர்னாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதற்கு முந்தின வாரம் வேகனின் வலப்பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுபோயிருந்தது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

“கண்ணாடிம்மா. பாதிதான் இறங்குது. அந்தச் சந்துல கைய விட்டுப் போட்டா, எங்க போய் விழுதுன்னு யாரு கண்டா?”

எல்லோரும் நம்பினார்கள். வெர்னாவின் ரெகுலேட்டர் செத்துப்போவது பனி பெய்கிற மாதிரி, தவறாமல் நடப்பதுதானே. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. கண்ணாடி இறங்காததால் அவள் ஒவ்வொரு பெட்டியிலும் கதவைத் திறந்து இறங்கி, இடது கையால் தபாலைப் போட்டாள். ஏன் இறங்குகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. செத்துப்போன அந்த ரெகுலேட்டரை வெர்னா மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போட்டதில் ரூட் முடிய இருட்டிவிட்டது. ஊரிலிருந்து தபாலைக் கொண்டுபோகிற லாரி அவளுக்காகக் காத்து நின்றது. கெண்ட்ரா கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க வெர்னா. இல்லேன்னா ரூட்டை மார்லிஸ் அவங்க வண்டியில ஓட்டட்டும். சரி பண்ணிட்டீங்கன்னா, ஒருநாள் நானும் பின்னால உக்காந்து வந்து பாக்குறேன்.”

“எதுக்கு?”

“சும்மாங்க. ரூட்டைப் பாக்கணும்.”

சும்மா என்ற வார்த்தையை இவ்வளவு கூர்மையாகத் தீட்டி யாரும் சொல்லி வெர்னா கேட்டதில்லை.

சனிக்கிழமை அவளே பக்கத்து நகரமான ஹோட்டனுக்குப் போய் ரெகுலேட்டர் வாங்கிவந்தாள். ரெய்னோ அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். கேபிள் போகும் வழியை விரலால் தடவினான்.

“இது இடப்பக்கத்துக் கதவுக்கு உள்ளது.”

“அப்படியா?”

“அப்படித்தான்.”

“கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான், கழுதை. திங்கக்கிழமைதான் இனிமே மாத்த முடியும்.”

பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தாண்டிக் கேட்டுச் சிரித்தான்: “வலப்பக்கம் ஒக்காந்தே ஓட்டி ஓட்டி, எது எந்தப் பக்கம்னே மறந்துட்டா!” ஊர் முழுக்க அந்த நகைச்சுவை சாயங்காலத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டது. ரெய்னோ சிரிக்கவில்லை. அவள் கார் சாமான் வாங்குகிறபோது பக்கத்தில் நின்றிருக்கிறான். கடைக்காரன் தப்பான ஆணியை எடுத்தாலே, “கண்ணு தெரியலேன்னா வேற வேலை பாரு,” என்று கேட்கிறவள் அவள். அவள் உள்ளே போனதும் அட்டைப் பெட்டியை லாரிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியல். சனிக்கிழமை சவுனா இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாரம் முடிந்ததில்லை. மரப் படியில் இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா அகப்பையை எடுத்துச் சூடான கற்கள்மேல் தண்ணீரை ஊற்றினாள். இடது கையால்.

“எத்தனை நாளா?” என்றான் ரெய்னோ.

“எது?”

“கை.”

ஆவி எழுந்து இருவர் முகத்தையும் மறைத்தது. அதற்குள்ளிருந்து வெர்னாவின் குரல் மட்டும் வந்தது.

“நீயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா?”

“பொண்டாட்டி முதுகு தேய்க்க மாட்டேங்குறாளேன்னு பாத்தேன்.”

“அப்ப அந்தக் கதவத் தொடாத. கெட்டுப்போயே கெடக்கட்டும். கடைக்காரன் மேல பழி, மோட்டார் மேல பழி, பனி மேல பழின்னு கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிடுவேன். அதுக்குள்ள தோள் ஆறிடும்.”

“ஆறாது.”

“நீ என்ன டாக்டரா? ஆயுசு பூரா மரக்கட்டைக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தவன்.”

ரெய்னோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “ஓர்வில் மாத்திரை பள்ளத்துல கெடந்துச்சு வெர்னா,” என்றான்.

“செத்திருந்தா ஒரு குட்டைப் பெட்டி கொறைஞ்சிருக்கும்.”

அவன் எழுந்து வெளியே போனான். கதவு திறந்ததில் குளிர் உள்ளே புகுந்து அவள் கணுக்காலைக் கடித்தது. தொடமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் சொல்லி அவன் கேட்காத விஷயம் அந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை.

ஞாயிறு, தேவாலயத்திலிருந்து வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து ட்ரில் சத்தம் கேட்டது. ரெகுலேட்டரைப் பிடித்திருக்கிற ரிவெட்டைத் துளைக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் கண்டுவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கதவின் உள்பலகை கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஈரம் புகாமல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உரிந்து தொங்கியது. கண்ணாடியை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பழைய ரெகுலேட்டர் தரையில், கேபிள் எலிக்கூடாகச் சிக்கி, குடல் சரிந்த மாதிரிக் கிடந்தது. கதவின் ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தது மார்லிஸ்.

“வாக்கா,” என்றாள், தலையைத் திருப்பாமல். “அத்தான் கை உள்ள போக மாட்டேங்குது. கரடிக் கை. ரொட்டி மேஜை மேல இருக்கு, சூடா இருக்கு.”

வெர்னா ரெய்னோவைப் பார்த்தாள். ரெய்னோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், எப்போதும் போல. விளக்குதான் இப்போது வேறு ஆளுக்கு வெளிச்சம் காட்டியது.

“ரெகுலேட்டர் எங்கேருந்து வந்துச்சு?”

“நேத்தே மாத்திட்டு வந்துட்டேன். கடை பூட்டுறதுக்குள்ள.”

“சவுனாவுக்கு முன்னாலயா?”

“முன்னாலதான்.”

அப்படியென்றால் அவன் சவுனாவில் கேட்டது கேள்வியே இல்லை. வெர்னா ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். இதே வேலையை மூடின கண்ணோடு செய்கிறவள், கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு தங்கை செய்வதைப் பார்த்தாள்.

“கிளிப்ல கண்ணாடி அடி உக்காரலடி. சாய்ச்சு எறக்கு. சாய்ச்சுன்னா சாய்ச்சு. சவப்பெட்டிய எறக்குற மாதிரி எறக்குற.”

“நீ வந்து பிடிக்கிறியாக்கா?”

மார்லிஸ் இப்போது திரும்பிப் பார்த்தாள். கேலி இல்லாத பார்வை. அதுதான் வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. ரெய்னோ சொல்லியிருக்கிறான். ரூட்டுக்காக வருஷக்கணக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றவள், இப்போது இரக்கப்படுகிறாள்.

“எனக்குக் கை அழுக்காகும்,” என்றாள் வெர்னா.

பொய்யென்று மூவருக்கும் தெரியும். மார்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினாள். ரெய்னோ ஒயரைச் செருகினான். டேப்பைப் பிய்த்துவிட்டு, சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினான்.

கண்ணாடி இறங்கியது. நிற்காமல், நடுங்காமல், அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. மேலே வந்தது. மறுபடியும் இறங்கியது. அவள் மாட்டின எதுவும் இவ்வளவு நன்றாக ஓடியதில்லை.

“முழுசா இறங்குது,” என்றான் ரெய்னோ.

“காது கேக்குது.” வெர்னா எழுந்து வாளியை எட்டி உதைத்தாள். “ரொட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு அவள.”

திங்கட்கிழமை கெண்ட்ரா பின்சீட்டில், தபால் தட்டுகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வேலை செய்தது. இறங்குவதற்குச் சாக்கு இல்லை. முதல் சில பெட்டிகளை வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். உடம்பையே திருகிச் சாய்த்து, பெட்டிக்குள் தலையை விடுகிற மாதிரிப் போய்ப் போட்டாள். நெற்றியில் வியர்வை. வெளியே பனி.

“சூடா இருக்காங்க வெர்னா?”

“ஹீட்டர் ஜாஸ்தி.”

ஹீட்டர் ஓடவே இல்லை.

ஹெய்க்கினெனின் பெட்டியைக் கண்டதும், “இவனுக்கு இன்னிக்குத் தபால் இல்ல,” என்று தாண்டிப் போனாள். கெண்ட்ரா தட்டைப் பார்த்தாள். ஹெய்க்கினெனுக்கு மின்சார பில்லும் விதைப் பட்டியலும் இருந்தன. அவற்றைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஓர்வில் பெல்கி. முயல் பெட்டி. வெர்னா கண்ணாடியை இறக்கினாள். வலது கையை வெளியே விட்டாள். கை ஜன்னல் விளிம்பிலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கண்ணில் பூச்சி பறந்தது. வலது கையை இழுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுபோனாள். உடம்பு திரும்பியதில் பிரேக்கிலிருந்து கால் நழுவியது. வேகன் பசு மாதிரி அலட்டாமல் முன்னால் நகர்ந்து, ஓர்வில் பெல்கியின் கம்பத்தை அடியோடு சாய்த்து, பெட்டிமேல் ஏறி நின்றது.

வீட்டுக்கதவு திறந்தது. ஓர்வில் உள்ளாடையோடு வாசலில் நின்று மூக்கால் கத்தினார்: “பனி வண்டிக்கே தப்பிச்ச பெட்டி அது!”

பின்சீட்டிலிருந்து கெண்ட்ரா மெதுவாகச் சொன்னாள், “வெர்னா, வலது கையத் தூக்குங்க.”

“எதுக்கு? சத்தியம் பண்ணவா?”

“தூக்குங்க.”

வெர்னா தூக்கவில்லை. முன்கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாவியைப் பிடுங்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டாள். இடது கையால்.

அன்று மத்தியானமே மீதி ரூட்டை மார்லிஸ் தன் வண்டியில் ஓட்டினாள். பிறகு தோளில் அறுவை சிகிச்சை, கட்டு, ஓய்வுக் காகிதங்கள், தபால் நிலையத்தில் ஒரு கேக். கேக்கில் வெர்னாவின் பெயருக்குக் கீழே க்ரீமில் ஒரு தபால் பெட்டி வரைந்திருந்தார்கள். “உயரம் தப்பு,” என்று சொல்லிவிட்டு, தின்னாமல் வந்துவிட்டாள். வீட்டில் ரெய்னோவிடம் அந்தக் குளிர்காலம் முழுக்க உப்பு, சர்க்கரை பற்றி மட்டும் பேசினாள். சவுனாவில் ஆளுக்கொரு நேரம். ஞாயிறு மேஜையில் ஏலக்காய் ரொட்டி காய்ந்து விறகானது. மார்லிஸ் வருவதை நிறுத்திக்கொண்டாள். பத்து மணிக்கு அவள் வண்டி வீட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்டால், வெர்னா வானொலியை உரக்க வைப்பாள்.

பனி உருகி, மண் இளகியதும் ஒருநாள் ரெய்னோ அவளைத் தோள் டாக்டரிடம் கூட்டிப்போனான். வேகனை அவன் ஓட்டினான். வெர்னா அவளுடைய பழைய இடத்தில், வலப்பக்கம். காலடியில் பிரேக் இல்லை, மடியில் தபால் இல்லை, கைப்பை மட்டும் இருந்தது. கிழக்குச் சாலையில் ஓர்வில் பெல்கி புதுக் கம்பம் நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். சரியான உயரம். காரின் ஜன்னலுக்கு நேராக, கையை நீட்டாமலே எட்டுகிற உயரம்.

ரெய்னோ வண்டியை நிறுத்தினான். வேண்டுமென்று நிறுத்தினானா, கம்பத்தைப் பார்த்ததும் கால் தானாகப் போனதா, தெரியாது. வெர்னா பட்டனை அழுத்தினாள். கண்ணாடி வெண்ணெயாக இறங்கியது.

ஓர்வில் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தார். “பாத்தியா வெர்னா? உன் தங்கச்சி பாவம், சாஞ்சு கெடந்த பெட்டிக்குக் குளிர்காலம் பூரா குனியுறா, கஷ்டப்படுறான்னு தூக்கி நட்டுட்டேன். இப்ப உயரம் சரிதானே? நீதான் சொல்லணும்.”

வெர்னா கம்பத்தைப் பார்த்தாள். பிறகு அதன் அடியில் இன்னும் மூடாமலிருந்த குழியை.

“உயரம் ரொம்பச் சரி, ஓர்வில். நான் இத்தன வருஷமா தொண்ட வத்தக் கத்தினப்ப ஒனக்குக் கெடைக்காத மம்பட்டி, அவ ஒரு குளிர்காலம் குனிஞ்சதும் கெடைச்சிருச்சு பாரு. அந்தக் குழிய மூடாத, கொஞ்சம் இரு, டாக்டர்கிட்ட போயி என் தோள்ல மிச்சம் இருக்கறதயும் கழட்டி வாங்கிட்டு வாரேன்; அதயும் உள்ள போட்டு மிதி, கம்பம் ஆடாம நிக்கும்.”